மான்ஸ்டர் மேனுவல் 2025: இருபதாம் லெவல் ஆட்களுக்கு இது போதுமா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டை ஆடும் உங்கள் கூட்டம் பதினைந்தாம் லெவலைத் தாண்டிவிட்டது, எதை இறக்கினாலும் மூன்று ரவுண்டில் முடித்துவிட்டு "அடுத்து என்னண்ணே" என்று கேட்கிறார்கள் என்றால், 2025 பிப்ரவரியில் வந்த புது மான்ஸ்டர் மேனுவல், அதாவது எதிரி மிருகங்களின் கையேடு, வாங்க வேண்டிய புத்தகம்தான். ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்து கொடுக்கும். மீதிப் பாதி, கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், அதாவது டிஎம் கையில் இருக்கிறது. அதைப் பற்றி இந்தப் புத்தகத்திலும் சரி, இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடிலும் சரி, எனக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை. எது நன்றாக இருக்கிறது, எது இல்லை, இல்லாததை எங்கள் மேஜையில் எப்படிச் சமாளித்தோம் என்று மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் ஆடுவது மண்டபம் ஊரில், நண்பர் வீட்டு மொட்டை மாடியில், ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மேப்பை விரித்தால் நாலு மூலையிலும் சங்கை வைத்துத்தான் நிறுத்த வேண்டும், அப்படி ஒரு காற்று. ஆடுகிறவர்களில் ஒருவன் விசைப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பையன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும், அப்போதுதான் எங்கள் கதை வேகமெடுக்கும். உச்சிப்புளிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர். கீழக்கரையிலிருந்து ஒருவர் வருவார், எல்லாருக்கும் மூத்தவர், ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் நாங்களும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுகிறோம். அப்புறம் ராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவன், விஸார்டு, அதாவது மந்திரவாதி, அவன்தான். ஒன்றாம் லெவலில் எலிக்குப் பயந்து ஓடியவர்கள் இன்று பதினெட்டைத் தாண்டி நிற்கிறார்கள். நான் டிஎம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் அமெரிக்காவில் கொண்டுவந்த விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொள்வார்கள், டைஸ் உருட்டி முடிவு பார்ப்பது. இருபது லெவல் வரை வளரலாம். தொடக்கத்தில் ஓநாய் கடித்தாலே விழுந்துவிடுகிற ஆள், பதினேழாம் லெவலுக்கு வந்ததும் ஒன்பதாம் நிலை ஸ்பெல், அதாவது மந்திரம், போடுகிறார். மீட்டியோர் ஸ்வார்ம் என்று ஒன்று, ஆறுமுக டைஸ் நாற்பது உருட்ட வேண்டும், சராசரி சேதம் 140. இருபதாம் லெவல் ஃபைட்டர் ஒரே முறையில் எட்டு வெட்டு வெட்டலாம். பாலடின் என்ற புனிதப் போர்வீரர் பக்கத்தில் நின்றாலே கூட இருப்பவர்களின் சேவிங் த்ரோ (பாதிப்பிலிருந்து தப்ப உருட்டும் டைஸ்) எல்லாம் ஏறிவிடும். பறக்கலாம், கண்டம் விட்டுக் கண்டம் தாவலாம், செத்தவரை எழுப்பலாம். இப்படிப்பட்ட நாலு பேரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, "இன்றைக்கு நீங்கள் தோற்கலாம்" என்று உண்மையாகவே நம்ப வைக்க வேண்டும். பல டிஎம்கள் பத்து, பன்னிரண்டாம் லெவலிலேயே கதைக்கு முற்றும் போட்டுவிடுவது இதனால்தான்.

2014இல் வந்த பழைய புத்தகம் இந்த இடத்தில்தான் கையை விரித்தது. லிச் என்ற மந்திரவாதிப் பிணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சேலஞ்ச் ரேட்டிங் (எதிரி எவ்வளவு கடினம் என்ற அளவு) 21, காலங்காலமாக உயிரைப் பிடித்துவைத்திருக்கும் பெரிய வில்லன். அவனுக்குப் பழைய புத்தகத்தில் 135 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி. மேலே சொன்ன மீட்டியோர் ஸ்வார்மின் சராசரியோ 140. லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் என்ற தப்பிக்கும் உரிமையைச் செலவழித்துத் தப்பினாலும் பாதி உயிர் முதல் அடியிலேயே போய்விடும், மீதியைக் காக்காவின் கேரக்டரான ரோக், மறைந்து நின்று அடிக்கிற ஆள், பார்த்துக்கொள்வார். மாதக்கணக்கில் கதையைக் கட்டி எழுப்பி, கடைசி வாசலைத் திறந்தால் உள்ளே 135 ஹிட் பாயின்ட். டராஸ்க் என்ற ராட்சத மிருகத்தின் கதையும் அப்படித்தான். ரேட்டிங் 30, அதற்கு மேல் புத்தகத்திலேயே எதுவும் இல்லை, ஆனால் பறக்கவும் தெரியாது, தூரத்திலிருந்து தாக்கவும் தெரியாது. உயரத்தில் பறந்துகொண்டு பொறுமையாக அடித்தால் அதற்குத் திருப்பிச் செய்ய ஒன்றுமே இல்லை.

புதுப் புத்தகத்தில் இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது பக்கத்தைப் புரட்டும்போதே தெரிகிறது. லிச்சுக்கு இப்போது 315 ஹிட் பாயின்ட். டராஸ்க் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் 150 அடி நீளத்துக்குக் கூம்பு மாதிரி விரிந்து போகிறது, மேலே பறந்துகொண்டிருப்பவனும் வாங்குவான். ஹிட் பாயின்ட் கூடியதைவிட எனக்குப் பிடித்தது இனிஷியேட்டிவ், சண்டையில் யார் முதலில் என்பதைத் தீர்க்கும் எண். ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள், பெரியவற்றுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள்: டராஸ்குக்கு 18 கூட்டல், லிச்சுக்கு 17. உயர்ந்த லெவல் சண்டையில் யார் முதலில் என்பதுதான் பாதி முடிவு. பழைய ஆட்டத்தில் என் வில்லன்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சண்டை முடிந்துவிடும். இப்போது முதல் அடி பெரும்பாலும் அவர்களுடையது, அந்த ஒரு மாற்றத்திலேயே மேஜையில் ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இன்னொன்று, அடி விழுந்தால் விளைவும் அப்போதே விழுகிறது. முன்பு ஓநாய் கடித்தால் சேவிங் த்ரோ போட்டுத் தப்பிக்கலாம். இப்போது கடி பட்டால் கீழே விழுந்ததுதான், தனியாக டைஸ் கிடையாது. இது சின்ன மிருகத்தின் உதாரணம், ஆனால் புத்தகத்தில் பல இடங்களில் இதே வழிதான். டீச்சரின் பாலடின் பக்கத்தில் இருக்கும்வரை எங்கள் ஆட்கள் சேவிங் த்ரோவில் தோற்பது அரிது, அதனால் பழைய புத்தகத்தின் விஷம், பயமுறுத்தல் எல்லாம் எழுத்தில் மட்டும்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை. டிராகன் மாதிரிப் பெரியவை தன் சொந்த இடத்தில் இருந்தால் லெஜண்டரி ஆக்ஷன் (மற்றவர்கள் முறைகளுக்கு இடையே செய்யும் செயல்) ஒன்று கூடுகிறது, ரெசிஸ்டன்ஸும் ஒன்று கூடுகிறது. முன்பு இதற்கென்று தனியாக இருந்த லேர் ஆக்ஷனை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். நடத்துகிறவனுக்கு இது பெரிய நிம்மதி. காற்றில் பேப்பர் பறக்கிற மாடியில் நாலு பக்கம் புரட்டித் தேட முடியாது.

பிளேயர்கள் பக்க விதிகளும் மாறியிருக்கின்றன, அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் புத்தகம் புரியும். ஃபோர்ஸ்கேஜ் என்ற கூண்டு ஸ்பெல்லுக்கு இப்போது கான்சன்ட்ரேஷன் வேண்டும், அதாவது கூண்டில் அடைத்துவிட்டு விஸார்டு வேறு வேலை பார்க்கப் போக முடியாது, அவனை அடித்தால் கூண்டு உடையலாம். எதிராளி போடும் ஸ்பெல்லைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல் இப்போது அவனுடைய சேவிங் த்ரோவைக் கேட்கிறது. சேவிங் த்ரோ என்றால் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் செல்லும், தோற்றாலும் அவன் அந்த ஸ்பெல்லுக்குச் செலவழிக்க வேண்டிய ஸ்லாட் வீணாகாது. லிச் ஒருத்தன் வந்து நின்று ஒரு ஸ்பெல்கூட முடிக்காமல் செத்துப்போவது இனி நடக்காது என்று சொல்லலாம்.

சரி, கணக்கு. எத்தனை மான்ஸ்டர் இறக்கலாம் என்பதற்கு டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் எளிமையான அட்டவணை கொடுத்திருக்கிறார்கள்: குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றே அளவு. இருபதாம் லெவல் ஆள் ஒருவருக்கு அதிக அளவு 22,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). நாலு பேர் என்றால் 88,000. ஏன்ஷியன்ட் ரெட் டிராகன் தன் குகையில் இருந்தால் 75,000, ஆக அது ஒன்றை இறக்கிவிட்டு மிச்சத்துக்குச் சில்லறை ஆட்கள் போடலாம். டராஸ்க் 155,000, ஏறக்குறைய ஏழு பேருக்கான அளவு. பழைய அட்டவணையில் மான்ஸ்டர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக்க வேண்டிய தொல்லை இருந்தது, அது போய்விட்டது, நல்லது. ஆனால் பழைய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் என்று ஓர் அளவு சொல்லியிருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த எண்ணிக்கையை யாரும் பின்பற்றவில்லை என்பது உண்மைதான். அதன் பின்னால் இருந்த யோசனை மட்டும் சரியானது: இவர்களுடைய பலம் எல்லாமே ஓய்வெடுத்தால் திரும்ப வருகிற பலம், ஆகவே ஓய்வுக்கு இடம் கொடுக்காமல் இருந்தால்தான் எதைச் செலவழிப்பது, எதை மிச்சம் பிடிப்பது என்று யோசிப்பார்கள். எண்ணை எடுத்தவர்கள் அந்த யோசனையைச் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்த அட்டவணையை அப்படியே நம்பி 88,000க்கு ஒற்றை மிருகத்தை இறக்கினால், 507 ஹிட் பாயின்ட் உள்ள அந்தச் சிவப்பு டிராகனும் முழு பலத்தோடு வந்து நிற்கும் நாலு பேர் முன்னால் மூன்று நாலு ரவுண்டுதான் தாங்கும்.

புத்தகத்தோடு எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். பலசாலிகளுக்குப் பதில், இன்னும் பலமான எதிரி என்றே நினைக்கிறது. ஹிட் பாயின்ட்டைக் கூட்டு, அடியைக் கூட்டு, ரெசிஸ்டன்ஸைக் கூட்டு. அந்த அளவில் கச்சிதமாகத்தான் செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பத்தொன்பதாம் லெவல் ஆளிடம் "உன்னால் இதைக் கொல்ல முடியுமா" என்று கேட்டால், முடியும் என்பதுதான் எப்போதும் பதில். "ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் உன்னைக் கேட்கிறார்கள், எங்கே போவாய்" என்று கேட்கும்போதுதான் அவருக்கு வியர்க்கிறது.

எங்கள் மேஜையில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே புத்தகத்தின் கிராக்கன் என்ற கடல் ராட்சத மிருகத்தின் பக்கத்தை வைத்துத்தான் நடத்தினேன், ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. ரேட்டிங் 23, 481 ஹிட் பாயின்ட். திறந்த கடலில் இதை நேருக்கு நேர் மோதவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அரை மணி நேர வேலை. எங்கள் கதை உலகத்தில் ஒரு தீவும் கரையும் உண்டு, நடுவில் குறுகலான ஒரு கால்வாய், வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். பாம்பன் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் வாடை எழும்பினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும்; கச்சானில் அது அப்படியே தலைகீழ். ஆக வாடை திடீரென்று திரும்பிய சாயங்காலத்தில் வடகடலில் தொழிலுக்குப் போன வல்லங்கள் எல்லாம் கால்வாய் வழியாகத் தெற்கே வந்தாக வேண்டும். கிராக்கன் அந்தக் கால்வாயின் அடியில் கிடக்கிறது. அதற்கு இவர்களோடு பகை ஒன்றும் இல்லை, இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு வேண்டியது வல்லங்கள்.

படகு வீட்டுப் பையன் எடுத்த எடுப்பில் கேட்டது மான்ஸ்டரின் பலத்தை அல்ல. "காத்து எந்த மூலையிலேர்ந்துண்ணே?" வடகிழக்கு என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. அவன் கேரக்டர் இயற்கை மந்திரம் போடுகிற ட்ரூயிட், கன்ட்ரோல் வெதர் என்ற ஸ்பெல் கையில் இருக்கிறது, காற்றையே மாற்றலாம். ஆனால் அந்த ஸ்பெல்லைப் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகும், சண்டையில் ஒரு ரவுண்டு என்பது ஆறு விநாடி. பத்து நிமிடம் ஒதுங்கி நின்று காற்றைத் திருப்பினால் பின்னால் வருகிற முப்பது வல்லம் பிழைக்கும், அதுவரை கால்வாயில் இருப்பவர்கள் கதி? அவன் ஒதுங்கிப் போவதாக முடிவெடுத்தான். அதற்கு மேல் அவன் டைஸையே தொடவில்லை, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு ரவுண்டையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

அடுத்தது தம்பியின் விஸார்டு. உடைந்துகொண்டிருந்த ஒரு வல்லத்துக்குத் தாவினான், உள்ளே பத்துப் பேர். டெலிபோர்ட் போடப் போகிறேன் என்றான். அந்த ஸ்பெல் தன்னோடு எட்டுப் பேரைத்தான் கூட்டிப்போகும். புத்தகத்தை எடுத்து இரண்டு முறை படித்துப் பார்த்தான், எட்டுதான். "அண்ணே, பத்துப் பேர்ன்னா சொன்னீங்க?" பத்துதான் என்றேன். நினைத்ததைக் கேட்டுப் பெறும் விஷ் ஸ்பெல்லைப் போடலாமா என்று யோசித்தான், அதைக் காலையிலேயே வேறு எதற்கோ செலவழித்திருந்தான். மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் டீச்சர், "நீ எட்டுப் பேரைக் கூட்டிட்டுப் போ. நான் இந்த ரெண்டு பேரோட நிக்கிறேன்" என்றார். நூற்றுக்கணக்கில் ஹிட் பாயின்ட் உள்ள பாலடின், கிராக்கன் அவருக்கு அன்று பெரிய காயம் எதுவும் ஏற்படுத்தவில்லை. ஆனால் அந்த இரண்டு மீனவர்களுக்கு ஆளுக்கு நாலு ஹிட் பாயின்ட், அவர்கள் மேல் ஓர் அடி விழாமல் பார்த்துக்கொள்ள அவர் பட்ட பாட்டை, எந்த டிராகனிடமும் அவர் பட்டு நான் பார்த்ததில்லை.

இதில் கிராக்கன் சாகவே இல்லை. வேண்டியது கிடைக்காமல் ஆழத்துக்குப் போய்விட்டது. வல்லங்களில் சில வந்தன, சில வரவில்லை. வராதவற்றின் பெயரைப் படகு வீட்டுப் பையன் கேட்டு வாங்கித் தன் கேரக்டர் ஷீட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டான்.

புயலை ஏன் இவ்வளவு கனமாக எடுத்துக்கொள்கிறோம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனது, பயணிகளோடு ரயில் போனது. இந்தக் கரையில் பல வீடுகளில் அந்த இரவைப் பற்றி ஒரு பேச்சு இன்னும் இருக்கிறது. அதனால் எங்கள் மேஜையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம், தனுஷ்கோடியை நேரடியாகக் கதையில் இழுப்பதில்லை, ஊர் எல்லாம் கற்பனை ஊர்தான். ஆனால் காற்று திரும்பியது என்று நான் சொன்னால், ரேட்டிங் 30 மிருகத்துக்கு வராத பயம் வருகிறது. உங்கள் ஊரில் அது வேறு ஏதாவதாக இருக்கும். ஏரி உடைவது, காட்டுத் தீ, ஊர் விட்டுப் போவது. அதைத்தான் பலசாலிகள் முன்னால் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதற்கு மான்ஸ்டர் மேனுவலில் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய மான்ஸ்டர் சேவிங் த்ரோவில் தோற்றால், "இல்லை, ஜெயித்துவிட்டேன்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அது. புதுப் புத்தகத்தில் டராஸ்குக்கு ஒரு நாளைக்கு ஆறு முறை. இது இல்லாவிட்டால் ஒரே ஸ்பெல்லில் கதை முடிந்துவிடும், புரிகிறது. ஆனால் பிளேயர் பக்கத்திலிருந்து பாருங்கள்: தன்னிடம் இருக்கும் மிகப்பெரிய ஸ்பெல்லைப் போட்டான், டைஸும் அவனுக்குச் சாதகமாக விழுந்தது, டிஎம் ஒரு வார்த்தையில் இல்லை என்றுவிட்டார். அவன் அந்த ரவுண்டில் ஒன்றுமே செய்யாதவன் மாதிரி ஆகிவிடுகிறான். நாங்கள் ஒரு சின்ன விதி சேர்த்துக்கொண்டோம், ஒவ்வொரு முறை அதைப் பயன்படுத்தும்போதும் மான்ஸ்டர் எதையாவது கண்ணுக்குத் தெரியும்படி இழக்க வேண்டும். கிராக்கன் என்றால் பிடித்திருக்கும் வல்லம் ஒன்றை விட்டுவிடும். லிச் என்றால் அவனைச் சுற்றி எரியும் விளக்குகளில் ஒன்று அணையும், ஓர் அடிமைப் பிணம் சரியும். ஸ்பெல் வீணாகவில்லை, ஏதோ ஒன்று நடந்தது. விஸார்டு ஆடும் தம்பிக்கு இந்த விதி வந்த பிறகுதான் பெரிய சண்டைகள் மேல் இருந்த கசப்பு போனது. புத்தகம் எழுதுகிறவர்கள் நினைத்திருந்தால் ஒவ்வொரு பெரிய மான்ஸ்டருக்கும் இப்படி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பலத்தைப் பிடுங்கிக்கொள்ளும் வழிக்கு நான் எதிரி. பல கண்கள் கொண்ட பிஹோல்டர் என்ற மிருகத்தின் நடுக்கண் பார்வையில் 150 அடிக்கு எந்த மந்திரமும் வேலை செய்யாது, பழையதிலும் உண்டு, புதியதிலும் உண்டு. எப்போதாவது ஒரு முறை என்றால் நல்ல சண்டை. ஆனால் உயர்ந்த லெவல் வந்ததும் எங்கு பார்த்தாலும் மந்திரம் செல்லாத அறை, டெலிபோர்ட் செல்லாத கோட்டை, பறக்க முடியாத வானம் என்று வைக்கிற டிஎம்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்பெல்லை வாங்க அந்த ஆள் எவ்வளவு காலம் ஆடியிருக்கிறான்! கிடைத்த அன்றே அது செல்லாது என்றால் அவன் எதற்கு வளர வேண்டும்? டெலிபோர்ட் செல்லட்டும், எட்டுப் பேரைக் கூட்டிப்போகட்டும்.

பலம் தீர்க்க முடியாத கேள்வியும் வேண்டும். கிராக்கன் தப்பிப் போனதற்கு அடுத்த ஆட்டத்தில், சங்கு குளிக்கும் ஊர் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அவர்களுக்கும் அந்த மிருகத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஓர் ஒப்பந்தம், அது அந்தப் பக்கம் கிடப்பதால்தான் வெளிக் கப்பல்கள் வந்து சங்குப் படுகையை வழித்துக்கொண்டு போகாமல் இருக்கின்றன. கொன்றுவிடாதீர்கள் என்கிறார்கள். அக்கரையில் வல்லங்களை இழந்தவர்கள் கொன்றே ஆக வேண்டும் என்கிறார்கள். விஷ் கையில் இருக்கிறது. அந்த ஸ்பெல்லை வேறு ஸ்பெல் போல் பயன்படுத்தாமல் இஷ்டத்துக்குக் கேட்டால், இனி எப்போதுமே போட முடியாமல் போக 33 சதவீத வாய்ப்பு உண்டு, அந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அன்று அது ஆபத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. எதைக் கேட்பது என்று நாலு பேரும் ஒத்துப்போகவில்லை. தம்பி, கொன்றுவிட்டுச் சங்குப் படுகையை நாமே காவல் காப்போம் என்றான். காக்கா தலையை ஆட்டிவிட்டு, "கொல்றது பெரிய விஷயமில்ல தம்பி. கொன்னதுக்கப்புறம் இந்த ஊர்ல யார் மூஞ்சில முழிக்கிறது?" என்றார். ஒரு டைஸ்கூட உருளாமல் அந்த ஆட்டம் முழுக்கப் பேச்சிலேயே போனது, கீழே இறங்கி டீக்கடையில் நின்றும் பேசினார்கள்.

மற்றபடி புத்தகத்தில் ஐந்நூறுக்கு மேல் மான்ஸ்டர், 384 பக்கம். உயர்ந்த லெவலுக்கு என்று புதிதாகச் சில சேர்த்திருக்கிறார்கள், கொலோசஸ் ரேட்டிங் 25, பிளாப் ஆஃப் அனிஹிலேஷன் 23, எலிமென்டல் கேட்டக்லிசம் 22, ஆர்ச்-ஹேக் 21. எனக்கு ஆர்ச்-ஹேக் என்ற சூனியக் கிழவியைப் பிடித்தது, ஏனென்றால் அவள் பேரம் பேசுகிறவள், அவளோடு சண்டைக்கு வெளியே நிறைய நடக்கும். படங்கள் அருமை, மிருகம் நிற்கும் இடத்தையும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். கதைப் பின்னணி பழைய புத்தகத்தைவிட மெலிந்துவிட்டது, அதற்குப் பதில் டைஸ் உருட்டி எடுக்கும் சின்னச் சின்ன அட்டவணைகள். புது டிஎம்களுக்கு அது உதவும், எனக்குப் பழைய நீளமான பத்திகள்தான் வேண்டியிருந்தது. சொந்தமாக மான்ஸ்டர் செய்ய 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் ரேட்டிங் வாரியாக ஓர் அட்டவணை இருந்தது, எவ்வளவு ஹிட் பாயின்ட், எவ்வளவு சேதம் என்று. 2024 பதிப்பில் அது இல்லை. உயர்ந்த லெவலில்தான் சொந்தச் சரக்கு அதிகம் தேவைப்படும், அங்கே அதை எடுத்தது சரியில்லை. பழைய கைடு வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டாம்.

புத்தகம் என்ற பொருளைப் பற்றி: கெட்டி அட்டை, தைப்பு உறுதியாக இருக்கிறது, விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் கிடக்கிறது. தாள் வழவழப்பு. கடற்கரையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, உப்புக்காற்றில் இந்த வகைத் தாள் ஈரம் குடித்துப் பக்கங்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டுகின்றன, அட்டையும் வெளிப்பக்கம் வளைகிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் படுக்க வைத்துவிடுங்கள். எனக்கு அனுப்பிய இணையக் கடை வெறும் மெல்லிய கவரில் போட்டு அனுப்பி மூலை நசுங்கித்தான் வந்தது, மாற்றித் தரக் கேட்டதற்குச் சரியான பதிலும் இல்லை. மதுரைப் பக்கம் போகிறவர்கள் நேரில் பார்த்து வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. அட்டை விலை 49.99 டாலர், நம் ஊருக்கு வந்து சேரும்போது ஒரு கூட்டத்தில் எல்லாரும் காசு போட்டு வாங்க வேண்டிய விலை.

பத்தாம் லெவலுக்குக் கீழே ஆடுகிறவர்கள், பழைய புத்தகம் கையில் இருந்தால், அவசரப்பட வேண்டாம். பதினைந்தைத் தாண்டியவர்கள் வாங்கலாம், அந்த லிச் பக்கத்துக்காகவும் கிராக்கன் பக்கத்துக்காகவும் மட்டுமே வாங்கலாம் என்பேன்.

காசு போட முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது. 2025 ஏப்ரலில் எஸ்ஆர்டி 5.2 என்ற பெயரில் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள். லிச், கிராக்கன், டராஸ்க், பெரிய டிராகன்கள் எல்லாம் அதில் உண்டு, பிஹோல்டர் கிடையாது. எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டால் மொழிபெயர்க்கவும் அந்த உரிமம் இடம் தருகிறது. கிராக்கன் பக்கத்தை எங்கள் மேஜைக்காகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், லிச் பாதியில் நிற்கிறது. வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.